ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம், பில் கட்டாயம் வேண்டும்

பிள்ளைக்குக் குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஆசை வந்துவிட்டது, காற்றழுத்தத்தால் சுடும் ஒரு ஏர் பிஸ்டல் வாங்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி நினைக்கும் அப்பா முதலில் போய் நிற்பது கலெக்டர் அலுவலகத்தில். போகவே தேவையில்லாத இடம் அது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ‘ஏர் பிஸ்டல் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்’ என்று மனு எழுதிக் கொடுத்தால், அது எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய், டி.எஸ்.பி.க்கு இறங்கி, ஸ்டேஷனுக்கு வந்து, விசாரணை முடிந்து மறுபடி மேலே ஏறும். கடைசியில் ‘உரிமம் தேவையில்லை’ என்று ஒரு வரி வந்தால் உங்கள் நல்ல நேரம். ‘பரிசீலிக்க இயலாது’ என்று வந்தால், கேட்க வேண்டாத அனுமதியைக் கேட்டு மறுக்கப்பட்ட ஆளாகிவிடுவீர்கள். அந்தக் காகிதத்தைப் பிறகு யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

விதி இவ்வளவுதான். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரை (0.177 அங்குலம்) தாண்டாமலும், வெளிவரும் பெல்லட்டின் (சிறு ஈயக் குண்டு) ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால், அந்த ஏர் துப்பாக்கியை வாங்கவும் வைத்துக்கொள்ளவும் லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் ஒன்று தவறினாலும் சலுகை போச்சு. ‘கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்’ என்று 5.5 மி.மீ. வாங்கினால், அதன் ஆற்றல் 10 ஜூல்தான் என்றாலும் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்ததாகவே ஆகும்.

பந்தயத்துக்கான 10 மீட்டர் பிஸ்டல் இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. அரை கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 6 ஜூலுக்கும் குறைவு. சிக்கல் விளம்பரத்தில் இருக்கிறது. பெட்டியில் ‘நொடிக்கு 1000 அடி வேகம்’ என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். 0.53 கிராம் பெல்லட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 24 ஜூலுக்கு மேல் போகிறது. வியாபாரத்துக்காகக் கூட்டிச் சொன்ன எண்ணாக இருந்தாலும், ஸ்டேஷன் மேசையில் அந்தப் பெட்டிதான் சாட்சி.

பிஸ்டல் வாங்குபவருக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம், விற்கும் கடைக்கு வேண்டும். அதனால் புதிது வாங்கினால் ஆயுத விற்பனை உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். ஆதார், முகவரிச் சான்று, பான் கார்டு கேட்பார்கள். சில கடைகள் உங்கள் மீது வழக்கு இல்லை என்று உறுதிமொழியோ போலீஸ் சரிபார்ப்புச் சான்றோ கேட்கும். அந்தச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஸ்டேஷன் ரைட்டரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆதாரில் ஒரு முகவரியும் இருப்பது வேறு ஊருமாக இருந்தால், முதலில் ஆதாரைத் திருத்திவிட்டுப் போங்கள். ஓசூரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாதிப்பேர் இங்கேதான் திரும்பி வருகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் பில் கேட்காதீர்கள், பெற்றோர் பெயரில் போடுங்கள்.

பில்லில் மாடல், பிஸ்டலில் பொறித்த வரிசை எண், 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். ‘ஸ்போர்ட்ஸ் ஐட்டம் – 1’ என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. கடையிலேயே பிஸ்டலைத் திருப்பி வைத்துக்கொண்டு, எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

நம் பக்கம் போலீஸுக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடுதல். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் நாட்டுத் துப்பாக்கித் தொல்லை பழையது. ‘லைசென்ஸ் எங்கேப்பா?’ என்று கேட்டால் வாதாடாமல், ‘சார், இது 4.5 ஏர் பிஸ்டல், பில் இருக்கு, பாருங்க’ என்று காகிதத்தை நீட்டுங்கள். அதற்கும் முன்பே ஒரு வேலை செய்து வைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ‘லைசென்ஸ் தேவையில்லாத ஏர் துப்பாக்கிகள் குறித்து உங்கள் அலுவலகத்தில் உள்ள விதி, சுற்றறிக்கை ஆகியவற்றின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். ‘எனக்கு லைசென்ஸ் தேவையா?’ என்று கேட்டால், விளக்கம் தர இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். நகல் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்ததைப் பில்லோடு சேர்த்து லேமினேஷன் போட்டு வையுங்கள்.

இந்தச் சலுகை காட்டுக்குள் செல்லாது. காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் இந்த மாவட்டங்களில்தான் இருக்கின்றன. வனவிலங்குச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்றால் விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும்தான். முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம், சுட்டீர்களா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. ஒகேனக்கல்லுக்கு அஞ்செட்டி வழியாகக் குடும்பத்தோடு போகும் நாளில் பிஸ்டலை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். மற்ற பயணங்களில் பூட்டிய பெட்டி, காலிக் குழல், பெல்லட் தனிப்பை. புறாவைக் குறி பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

இனி எதை வாங்குவது. நிஜத் துப்பாக்கி மாதிரியே கருப்பாக, கார்பன் டை ஆக்சைடு குப்பி போட்டு இரும்பு உருண்டை சுடும் பிஸ்டல்தான் மலிவாகக் கண்ணில் படும். வேண்டாம். பெரும்பாலும் அதன் குழலுக்குள் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் வரிப்பள்ளம் இருக்காது, குறி நிற்காது. இரும்பு உருண்டை சுவரில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வரும். போதாததற்கு, தூரத்திலிருந்து பார்ப்பவர் 100-க்கு போன் போடும் தோற்றம். ஸ்பிரிங் பிஸ்டல் சுடும்போது உதறும், பழக்கம் கெடும்.

குறைந்த செலவில் உருப்படியானது நெம்புகோலின் ஒரே அழுத்தில் காற்றை அடைக்கும் வகை. ரஷ்யத் தயாரிப்பான பைக்கால் 46எம் இந்த வகையில் பெயர் பெற்றது. சிலிண்டர் செலவில்லை, ஆனால் பந்தயத்தின் 60 குண்டுக்கும் 60 முறை நெம்புகோலை இழுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக் கைக்கு அது பாரம். ஸ்டெயர் எல்பி2, ஹேமர்லி ஏபி20 போன்ற, சிறு சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடும் அழுத்தக் காற்றுப் பிஸ்டல்கள் கைக்குச் சுகம், ஆனால் இறக்குமதிப் பந்தயப் பிஸ்டல் புதிதாக வாங்கினால் பொதுவாக லட்சத்தைத் தாண்டும். காற்று நிரப்ப 200 பார் அழுத்தம் தரும் சிலிண்டரோ கைப்பம்போ வேறு வேண்டும்.

அதனால் பலர் பழையது தேடுகிறார்கள். அங்கே ஏமாறுவது பிஸ்டலில் பொருத்திய சிலிண்டரில். அதன் மேல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். 10 ஆண்டு தாண்டியதோடு பந்தயத்துக்குப் போக முடியாது, நிரப்புவதும் ஆபத்து, புது சிலிண்டர் விலை பேரத்தையே விழுங்கிவிடும். அடுத்தது விசை (டிரிக்கர்). பந்தய விதிப்படி குறைந்தது 500 கிராம் இழுவை தாங்க வேண்டும். காற்று ஏற்றி, பெல்லட் போடாமல், குழலை நேர் மேலே நிமிர்த்தி, விசையில் அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தரையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். விசை விழுந்தால் அது தேறாது. முழு எடை 1,500 கிராமுக்குள் இருக்க வேண்டும். பிடி வலக்கைக்கா இடக்கைக்கா, எந்த அளவு என்பதையும் கையில் பிடித்துப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். விற்பவரிடம் பழைய பில்லும், வரிசை எண் போட்டு எழுதிக் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதமும் இல்லையென்றால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போட்டு வரவழைக்கும் யோசனை சுங்கத்தில் முடியும். இறக்குமதிச் சலுகை, தேசிய ரைபிள் சங்கம் நிர்ணயித்த மதிப்பெண்ணைத் தேசியப் போட்டியில் எடுத்த வீரருக்கு. ‘ரைபிள் சங்க அட்டை இருந்தால்தான் பிஸ்டல் வாங்க முடியும், பத்து நாளில் எடுத்துத் தருகிறேன்’ என்று சொல்லும் தரகர் இந்தக் குழப்பத்தில்தான் பணம் பறிக்கிறார். உள்நாட்டுக் கடையில் வாங்க அந்த அட்டை வேண்டாம், போட்டிக்குப் போகும்போதுதான் வேண்டும். ஓசூர்க்காரர்கள் பெங்களூரில் பயிற்சி எடுப்பதில் தவறில்லை. ஆனால் எந்த மாநிலத்துக்காகச் சுடப்போகிறோம் என்பதைக் கிளப்பில் பணம் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள், ஒரே ஆண்டில் இரண்டு மாநிலத்துக்குச் சுட முடியாது.