ஓர் எண்ணைத் துரத்திய கூட்டம்: நெட்ஃபிளிக்ஸ் பரிசுப் போட்டி இயங்கிய விதம்

2006 அக்டோபர் 2 அன்று, அமெரிக்காவில் திரைப்பட டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் படங்களுக்கு வழங்கிய நட்சத்திர மதிப்பீடுகளில் சுமார் 10 கோடியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அந்நிறுவனம் பயன்படுத்திவந்த சினிமேட்ச் என்ற பரிந்துரை மென்பொருளைவிட 10 சதவீதம் துல்லியமாக மதிப்பீடுகளைக் கணித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்றும் அறிவித்தது. நிறுவனங்கள் தம் தரவை வெளியாட்களிடம் கொடுத்து விடை கேட்பதற்கு இன்று ஒரு வழக்கமான முறை உருவாகியிருக்கிறது என்றால், அதன் வார்ப்பு பெரும்பாலும் இந்தப் போட்டியில்தான் அமைந்தது.

தபாலில் வரும் வட்டு பிடிக்காமல் போனால், அதைத் திருப்பியனுப்பி அடுத்ததைப் பெறச் சில நாட்களாகும். இரண்டு மூன்று முறை அப்படி நேர்ந்தால் சந்தாவே நின்றுபோகும். எல்லோரும் புதுப்படங்களையே கேட்டால் ஒவ்வொன்றிலும் ஏராளமான பிரதிகளை வாங்கி வைக்க வேண்டியிருக்கும் என்பது இன்னொரு சிக்கல். கிடங்கில் தூங்கும் பழைய படம் ஒன்று இன்னாருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் இரண்டுமே தீரும். ஆகவே கணிப்பின் துல்லியம் அந்நிறுவனத்துக்கு நேரடியான பண விஷயமாக இருந்தது.

வெளியிடப்பட்ட தரவு பார்ப்பதற்கு மிக எளியது. படத்துக்கு ஒன்றாக 17,770 உரைக் கோப்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் படத்தின் எண். அதன் கீழே வரிக்கு ஒரு மதிப்பீடு. வாடிக்கையாளர் எண், ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு நட்சத்திர எண்ணிக்கை, தேதி ஆகிய மூன்றும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருந்தன. பெயர்கள் நீக்கப்பட்டு, 4,80,189 வாடிக்கையாளர்கள் வெறும் எண்களாக மட்டும் இருந்தார்கள். வாடிக்கையாளர்களை வரிசைகளாகவும் படங்களை நெடுவரிசைகளாகவும் வைத்து ஓர் அட்டவணை போட்டால், அதில் ஏறத்தாழ 853 கோடிக் கட்டங்கள் வரும். அவற்றில் நிரம்பியிருந்தவை 1.2 சதவீதத்துக்கும் குறைவு. நிரம்பிய கட்டங்களை வைத்துக்கொண்டு காலியான கட்டங்களைச் சொல்ல வேண்டும் என்பதுதான் புதிர்.

எவருடைய விடை மேல் என்று தீர்மானிக்க ஒரே ஓர் அளவுகோல் வைக்கப்பட்டது. கணித்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எல்லா வர்க்கங்களுக்கும் சராசரி கண்டு, அந்தச் சராசரிக்கு வர்க்கமூலம் எடுப்பதே அந்த அளவுகோல், சுருக்கமாக ஆர்.எம்.எஸ்.இ. என்பார்கள். வர்க்கப்படுத்துவதால் பெரிய பிழைகளுக்குத் தண்டனை கூடுகிறது: இரண்டு நட்சத்திரம் தவறிய ஒரு கணிப்பு, ஒரு நட்சத்திரம் தவறிய நான்கு கணிப்புகளுக்குச் சமம். எதையும் யோசிக்காமல் ஒவ்வொரு படத்தின் சராசரி மதிப்பீட்டையே எல்லோருக்கும் கணிப்பாகச் சொன்னால் இந்தப் பிழை சுமார் 1.05 ஆக இருந்தது. சினிமேட்ச் அதைச் சுமார் 0.95 வரை இறக்கியிருந்தது. பரிசுக்கான இலக்கு 0.8572. அதாவது, நிறுவனத்தின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கடந்த தூரத்தை ஏறத்தாழ இன்னொரு மடங்கு கடந்து காட்டச் சொன்னார்கள்.

போட்டியின் உண்மையான சூட்சுமம் பரிசுத் தொகையைக் காட்டிலும் தேர்வு நடத்திய விதத்தில் இருந்தது என்பது என் எண்ணம். சுமார் 28 லட்சம் மதிப்பீடுகளின் நட்சத்திரங்களை மட்டும் மறைத்து, இவற்றைக் கணியுங்கள் என்று கொடுத்தார்கள். அந்த 28 லட்சத்தையும் ரகசியமாக இரண்டு பாதிகளாகப் பிரித்திருந்தார்கள். எந்த வரி எந்தப் பாதியில் இருக்கிறது என்பது போட்டியாளர்களுக்குத் தெரியாது. ஒரு பாதியில் கிடைத்த பிழை அளவு பொதுத் தரவரிசைப் பட்டியலில் உடனே காட்டப்பட்டது. பரிசைத் தீர்மானித்ததோ, யாருக்கும் காட்டப்படாத மறுபாதி. ஒரு குழு நாளொன்றுக்கு ஒருமுறைதான் விடை அனுப்பலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. விடையைச் சிறிது சிறிதாக மாற்றி அனுப்பிக்கொண்டே இருந்தால், மறைத்து வைத்த நட்சத்திரங்களையே மெல்ல மெல்ல ஊகித்துவிடலாம். அப்படி வென்றவர், மாதிரித் தேர்வின் விடைகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவரைப் போல, புதிய வாடிக்கையாளர் முன்னால் திணறுவார். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் வேலையை நேர்காணலோ பட்டமோ கேட்காமல் ஒப்பிட முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். 186 நாடுகளிலிருந்து 40,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் பதிவு செய்தன. தொடங்கிய ஒரு வாரத்துக்குள்ளேயே ஒரு குழு சினிமேட்சை முந்திவிட்டது.

இனி, கணிப்பு எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு கட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். மொத்த மதிப்பீடுகளின் சராசரி சுமார் 3.6. நாம் எடுத்துக்கொள்ளும் படம் பொதுவாகப் பலருக்கும் பிடித்தது, சராசரியைவிட 0.5 கூடுதலாகப் பெறுவது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரோ நட்சத்திரம் போடுவதில் கஞ்சர். எல்லாப் படங்களுக்கும் 0.4 குறைத்தே போடுகிறார். இரண்டையும் சேர்த்தால் 3.7 வருகிறது. ஆனால் இந்த 3.7-இல் அவருடைய ரசனை எங்கும் இல்லை. அவர் நிதானமான குடும்பக் கதைகளை விரும்புபவரா, துப்பாக்கிச் சண்டைகளை விரும்புபவரா என்பது இதில் வரவில்லை.

ரசனையைப் பிடிக்க, ஒவ்வொரு படத்துக்கும் சில எண்களும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதே எண்ணிக்கையில் எண்களும் கொடுக்கப்படுகின்றன. இணையான எண்களைப் பெருக்கிக் கூட்டினால் அந்தப் படத்துக்கும் அந்த ஆளுக்கும் உள்ள பொருத்தம் கிடைக்கும். படத்தின் முதல் எண் 1.2, வாடிக்கையாளரின் முதல் எண் 0.9 என்றால் பெருக்கல் 1.08, இரண்டாவது எண்கள் முறையே −0.5, 0.4 என்றால் −0.20. கூட்டினால் 0.88. முன்பிருந்த 3.7 இப்போது 4.58 ஆகிறது. ஐந்து நட்சத்திரம் போடக்கூடிய ஆளை மூன்றே முக்காலில் நிறுத்தியிருந்த கணிப்பு, உண்மைக்கு நெருங்கிவிட்டது.

இந்த எண்களை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கணினி முதலில் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சிறிய மதிப்பை வைத்துத் தொடங்குகிறது. ஒரு மதிப்பீட்டை எடுத்து, கணித்து, எவ்வளவு தவறியது என்று பார்க்கிறது. படத்தின் எண்ணை, அந்தப் பிழையையும் வாடிக்கையாளரின் எண்ணையும் பெருக்கி வருவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்துகிறது. வாடிக்கையாளரின் எண்ணையும் அதேபோல் நகர்த்துகிறது. பிறகு அடுத்த மதிப்பீடு. 10 கோடி மதிப்பீடுகளையும் இப்படித் திரும்பத் திரும்பச் சுற்றிவந்தால் எண்கள் மெல்லத் தம் இடத்தில் அமர்கின்றன. முடிந்தபின் ஏதாவது ஓர் எண்ணின் வரிசையில் படங்களை அடுக்கிப் பார்த்தால், ஒரு முனையில் தீவிரமான நாடகங்களும் மறுமுனையில் கூச்சல் நகைச்சுவைகளும் சேர்ந்திருப்பதைக் காணலாம். கணினிக்குப் படத்தின் கதையோ நடிகரோ தெரியாது. யார் எதற்கு எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பது மட்டுமே தெரியும். அணிக் காரணிப்படுத்தல் என்று கணிதத்தில் வழங்கும் இந்த முறையில் ஆளுக்கும் படத்துக்கும் தலா 40 எண்கள் வைத்தால், 853 கோடிக் கட்டங்களையும் சுமார் 2 கோடி எண்களால் விவரித்துவிடலாம். மூன்றே படங்களுக்கு மதிப்பீடு போட்டவரின் எண்கள் அந்த மூன்றை மட்டும் நம்பி எங்கோ ஓடிவிடாதபடி, அவற்றைப் பூஜ்யத்தை நோக்கி லேசாக இழுத்துப் பிடிக்கும் ஒரு திருத்தமும் உடன் செல்கிறது.

2006 டிசம்பரில், சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் போட்டியிட்டவர் தரவரிசையில் மேலே இருந்தபோதே இந்த முறையின் செயல்விளக்கத்தை நிரல் வரிகளோடு பகிரங்கமாக எழுதிவைத்தார். பத்து லட்சம் டாலர் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் கையில் இருப்பதை அப்படியே திறந்து காட்டியது பலருக்கும் வியப்பு. அடுத்து வந்த குழுக்கள் பலவும் அங்கிருந்துதான் தொடங்கின. நிறுவனமும் பகிர்வை விதியாகவே வைத்திருந்தது: ஆண்டுதோறும் முன்னேற்றப் பரிசாக 50,000 டாலர் பெறும் குழு தன் வழிமுறையை வெளியிட்டாக வேண்டும். 2007-இல் அதை அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டியின் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் பெல், யெஹூதா கோரன், கிறிஸ் வொலின்ஸ்கி ஆகியோரின் பெல்கோர் குழு 8.43 சதவீத முன்னேற்றத்தோடு பெற்றது. எஞ்சியிருந்த ஒன்றரைச் சதவீதத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கடைசிப் பகுதியில் கைகொடுத்தவற்றுள் முக்கியமானது தேதி. 2004-இன் தொடக்கத்தில் சராசரி மதிப்பீடு திடீரென்று உயர்ந்திருப்பதைக் கோரன் கவனித்தார். லட்சக்கணக்கானோரின் ரசனை ஒரே நேரத்தில் மாற வழியில்லை. தளத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவர் எத்தனை படங்களுக்கு மதிப்பீடு போட்டார் என்பதும் உதவியது. நேற்றிரவு பார்த்த ஒரு படத்துக்குப் போடுவது வேறு, எப்போதோ பார்த்த ஐம்பது படங்களுக்கு மொத்தமாகப் போடுவது வேறு. மொத்தமாகப் போடும்போது மிகவும் பிடித்தவையும் அறவே பிடிக்காதவையும்தான் நினைவுக்கு வருகின்றன. நட்சத்திரம் என்பது படத்தைப் பற்றிய கருத்து மட்டுமல்ல, போட்ட நாளின் சூழலும் அதில் கலந்திருக்கிறது என்பது இந்தப் போட்டியில் வெளிப்பட்ட அழகான உண்மைகளில் ஒன்று.

மற்றொன்று, கலவை. உண்மை மதிப்பு 4 என்றிருக்க, ஒரு முறை 4.6 என்றும் வேறொரு முறை 3.6 என்றும் கணித்தால், இரண்டின் சராசரி 4.1. இரண்டும் வேறு வேறு திசையில் தவறுவதால் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பெல்கோரின் 2007 விடையே 107 தனித்தனிக் கணிப்புகளின் கலவைதான். கலப்பதற்கு வேறுபட்ட முறைகள் வேண்டும். வேறுபட்ட முறைகள் வேறுபட்ட ஆட்களிடம் இருந்தன. ஆகவே எதிரிகள் கைகோத்தார்கள். பெல்கோரோடு ஆஸ்திரியாவின் பிக்கேயாஸ் குழுவும், மாண்ட்ரியால் நகரத்து இருவரின் பிரக்மாட்டிக் தியரியும் இணைந்து 2009 ஜூன் 26 அன்று 10 சதவீதத்தைக் கடந்தன. விதிப்படி மற்றவர்களுக்கு 30 நாள் அவகாசம் இருந்ததால், பின்தங்கியிருந்த குழுக்கள் பலவும் ஒன்றாகத் திரண்டு, தி என்செம்பிள் என்ற பெயரில் எதிர்த்து நின்றன. மறைக்கப்பட்ட பாதியில் இரண்டு குழுக்களின் பிழையும் 0.8567 என்றே வந்தது. முதற்குழு 20 நிமிடம் முன்னதாக அனுப்பியிருந்ததால் பரிசு அதற்குப் போனது.

வென்ற அந்த இறுதிக் கலவையை நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்தவே இல்லை. 2012-இல் அதன் பொறியாளர்கள் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். 2007-இன் 107 கணிப்புகளிலிருந்து சிறந்த இரண்டை மட்டும் எடுத்துச் செப்பனிட்டு அமல்படுத்தியிருந்தார்கள். அணிக் காரணிப்படுத்தல் அவற்றில் ஒன்று. மீதியைக் கொண்டுவருவதற்கு ஆகும் பொறியியல் உழைப்புக்கு, கிடைக்கும் கூடுதல் துல்லியம் ஈடாகவில்லை. அதற்குள் தொழிலும் மாறிவிட்டது: 2007-இல் தொடங்கிய இணைய ஒளிபரப்பில், பிடிக்காத படத்தைப் பத்தாம் நிமிடத்தில் நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். எதைப் பார்க்கத் தொடங்கினார், எங்கே நிறுத்தினார் என்பது நட்சத்திரத்தைவிட நம்பகமான தடயம் ஆயிற்று. ஒருவருக்கு எந்தப் பத்துப் படங்களை முதல் திரையில் காட்டுவது என்ற கேள்விக்கு, அவர் பார்க்கவே போகாத படத்தின் மதிப்பீட்டை 0.01 நெருக்கமாகக் கணிப்பதில் பயனில்லை. கூட்டத்தை ஒன்றுசேர்த்த அதே எண், நிறுவனத்துக்கு வேண்டியதை முழுமையாக அளக்கவில்லை. 2017-இல் நட்சத்திரங்களையே எடுத்துவிட்டுக் கட்டைவிரல் குறியை வைத்தார்கள்.

பெயரை நீக்கினால் போதும் என்ற நம்பிக்கையும் உடைந்தது. அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இருந்த அரவிந்த் நாராயணனும் (சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்) விட்டலி ஷ்மாட்டிகோவும் சேர்ந்து, ஒருவரைப் பற்றி எட்டு மதிப்பீடுகள் தெரிந்தால், அவற்றில் இரண்டு முற்றிலும் தவறாகவும் தேதிகள் இரண்டு வாரம் முன்பின்னாகவும் இருந்தாலும்கூட, தரவில் உள்ளவர்களில் 99 சதவீதத்தினரைத் தனியே அடையாளம் காண முடியும் என்று 2008-இல் காட்டினார்கள். எல்லோரும் பார்த்த படம் எதையும் காட்டிக்கொடுக்காது. சில நூறு பேர் மட்டும் பார்த்த படங்களில் மூன்று நான்கு சேர்ந்தாலே அந்தச் சேர்க்கை ஒருவருக்கே உரியதாகிவிடுகிறது. ஐ.எம்.டி.பி. என்ற பொதுத் திரைப்படத் தகவல் தளத்தில் சொந்தப் பெயரில் மதிப்பீடு எழுதுபவர்கள் தாமாகவே ஒரு சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். 2009 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது. வாடகைக்கு எடுத்த வீடியோக்களின் பட்டியலை வெளியிடக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1988 முதலே இருக்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ஒரு நீதிபதியின் வாடகைப் பட்டியல் பத்திரிகையில் வெளியானதால் பிறந்த சட்டம் அது. வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றோடு நடத்தத் திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டி 2010 மார்ச்சில் கைவிடப்பட்டது.

அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆந்தனி கோல்ட்புளூம், இத்தகைய தரவுப் போட்டிகளை நடத்தும் காகிள் என்ற இணையதளத்தைத் தொடங்கினார். 2017-இல் அதைக் கூகுள் வாங்கியது. காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள், சில்லறை வணிகச் சங்கிலிகள் என்று பலரும் தம் தரவையும் பரிசையும் அங்கே கொண்டுவருகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பட்டியல் ஒன்று, இறுதியில் மட்டும் திறக்கும் பட்டியல் ஒன்று, நாளுக்கு இத்தனை விடைதான் என்ற வரம்பு ஆகிய எல்லாமே 2006-இல் பார்த்தவைதான். மாறியிருப்பது, தரவு எந்தப் பக்கம் பயணிக்கிறது என்பது. காகிளின் பல போட்டிகளில் தேர்வுத் தரவைப் போட்டியாளர் கண்ணால் பார்ப்பதே இல்லை. அவர் தன் நிரலை அனுப்புகிறார், அது தளத்தின் கணினியில் ஓடி மதிப்பெண்ணை மட்டும் திருப்பித் தருகிறது. ஓடும் நேரத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால், நூற்றுக்கணக்கான கணிப்புகளைக் கலந்து வெல்லும் பழைய உத்திக்கும் அங்கே இடம் சுருங்கிவிட்டது.