வரி ஏறப்போகிறது என்றால் முதலில் நகர்வது தேதி

2020 டிசம்பரில் மும்பையில் பதிவான வீட்டு விற்பனை 19,500-ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு மாதத்துக்கு ஐந்தாறாயிரம் என்பதுதான் வழக்கம். கொரோனாவின் முதல் அலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. லோக்கல் ரயிலில் எல்லோரையும் ஏற்றவில்லை. சம்பளம் வெட்டுப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். இப்படி ஒரு நேரத்தில் ஊரே வீடு வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் ஸ்டாம்ப் டியூட்டி, அதாவது வீட்டுப் பத்திரத்துக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை.

முடங்கிக் கிடந்த வீட்டுச் சந்தையைத் தூக்கிவிட, மகாராஷ்டிர அரசு மும்பையில் 5 சதவீதமாக இருந்த முத்திரைத் தீர்வையை 2020 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை 2 சதவீதமாக்கியது. 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 3 சதவீதம், ஏப்ரலில் பழையபடி 5 என்றும் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அதாவது வரி எப்போது, எவ்வளவு ஏறும் என்பது எல்லோருக்கும் தேதியோடு தெரியும். டிசம்பரில் உச்சிக்குப் போன பதிவு ஜனவரியில் சுமார் 10,400-க்கு இறங்கியது. மார்ச்சில் மறுபடி 17,700-ஐத் தொட்டது. ஏப்ரல், மே சரிவில் இரண்டாம் அலைக்கும் பங்கு உண்டு என்பதால் அதை வரிக் கணக்கில் எழுத முடியாது. 2022-ல் அந்தக் குழப்பம் இல்லை. ஏப்ரல் 1 முதல் மெட்ரோவுக்காக 1 சதவீதக் கூடுதல் வரி வருகிறது என்றதும் மார்ச்சில் 16,700-க்கு மேல் பதிவானது. அடுத்த மாதமே 12,000-க்குக் கீழே வந்துவிட்டது.

வரி கூடும் என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனைக்கூடம் கிடைப்பது அரிது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

செம்பூர் சேடா நகரில், முருகன் கோவிலுக்குப் பக்கத்தில், மாதம் 35,000 ரூபாய் வாடகையில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1.2 கோடி ரூபாய்க்கு ஒரு ரெடி ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறார்கள். கையில் 40 லட்சம் இருக்கிறது, மீதி 80 லட்சம் வங்கிக் கடன். சித்திரை பிறக்கட்டும், பத்திரம் போடலாம் என்பது திட்டம்.

“என்னங்க, டிசம்பருக்குள்ள முடிச்சா மூணு லட்சத்து அறுபதாயிரம் மிச்சமாகுதே!”

“மிச்சம்தான். ஆனா கடன் வட்டி இன்னிக்கே ஓட ஆரம்பிக்குமே?”

இருவர் சொல்வதும் சரி. 5 சதவீதம் என்றால் 6 லட்சம், 2 சதவீதம் என்றால் 2.4 லட்சம். ஆக மிச்சம் 3.6 லட்சம். எதிர்ப்பக்கம் அவசரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. 80 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மாதம் சுமார் 46,700. டெபாசிட்டில் 5.5 சதவீதத்துக்குப் போட்டிருந்த 40 லட்சத்தை எடுத்தால் மாதம் சுமார் 18,300 வரும்படி போய்விடும். இரண்டும் சேர்ந்து 65,000. புது வீட்டுக்குப் போனால் வாடகை 35,000 மிச்சம். ஆக, ஒரு மாதம் முந்துவதன் விலை 30,000 ரூபாய்.

3.6 லட்சத்தை 30,000-ஆல் வகுத்தால் 12. அடுத்த ஒரு வருடத்துக்குள் வீடு வாங்க நினைத்திருந்த யாராக இருந்தாலும் இப்போதே வாங்குவது லாபம். வரி 3-லிருந்து 5-க்கு ஏறும்போது மிச்சம் 2.4 லட்சம், அது எட்டு மாதத்து ஆட்களை இழுக்கும். 1 சதவீத மெட்ரோ வரி நான்கு மாதத்து ஆட்களை. இந்தக் கணக்கில் எந்த உளவியலும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல். ஆனால் 3 சதவீதம் என்ற ஒரு சின்ன எண்ணால் ஒரு வருடத்து வாங்குபவர்கள் மொத்தமும் ஒரே மாதத்துக்குள் வந்து நெருக்க முடியும் என்பது இதில்தான் தெரிகிறது. (பில்டர் சும்மா இருப்பாரா என்று கேட்கலாம். கூட்டத்தைப் பார்த்ததும் தள்ளுபடியைக் குறைத்து, வரிச் சலுகையில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அவருக்கும் தெரியும்.)

இதில் அரசு இன்னொரு வசதியும் செய்து கொடுத்தது. டிசம்பர் 31-க்குள் தீர்வையைக் கட்டிவிட்டால் போதும், பதிவை அடுத்த நான்கு மாதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பதிவானவற்றில் பலவும் டிசம்பர் விகிதத்தில் பணம் கட்டியவை. மாதாந்திர எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஜனவரியிலும் சந்தை சுறுசுறுப்பு’ என்று தலைப்புப் போட்டவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வரிக்கு மனிதர்கள் காட்டும் எதிர்வினையை மூன்று படியாக அடுக்கினார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் ஸ்லெம்ராட். மிகச் சுலபமாக நகர்வது தேதி. அடுத்தது காகிதம், அதாவது வருமானத்தை எந்தத் தலைப்பில், யார் பெயரில் காட்டுகிறோம் என்பது. மிகக் கடைசியில்தான் நிஜ வாழ்க்கை மாறும்: எவ்வளவு உழைக்கிறோம், எங்கே குடியிருக்கிறோம், எவ்வளவு சேமிக்கிறோம் என்பதெல்லாம். 1986-ல் அமெரிக்கா வரிச் சட்டத்தைத் திருத்தியபோது கிடைத்த அனுபவம் இந்த அடுக்குக்குப் பெரிய சாட்சி. முதலீட்டு லாபத்தின் மேல் உச்ச வரி 20 சதவீதத்திலிருந்து 28 ஆக, 1987 முதல் ஏறும் என்று தெரிந்தது. 1986-ல் விற்றுக் காசாக்கிய லாபம் முந்தைய ஆண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1987-ல் பாதிக்கும் கீழே விழுந்தது.

எல்லாப் பொருளையும் இப்படி முந்தி வாங்கிவிட முடியாது. தேதியை நகர்த்த வேண்டுமென்றால் பொருள் கெடாமல் இருக்க வேண்டும். இட்லி மாவுக்கு அடுத்த மாதம் வரி என்றால் இன்றைக்கு எத்தனை கிலோ வாங்கி வைப்பது? ஃப்ரிட்ஜுக்கு வரி என்றால் கதையே வேறு. ஜப்பானில் 2014 ஏப்ரல் 1 அன்று நுகர்வு வரி 5-லிருந்து 8 சதவீதமானபோது மார்ச்சில் கார், வாஷிங் மெஷின், டாய்லெட் பேப்பர் எல்லாம் பறந்தன. ஆறு மாத ரயில் பாஸ் வாங்க ஸ்டேஷன்களில் வரிசை நின்றது. ரயில் பயணத்தைச் சேமித்து வைக்க முடியாதுதான், ஆனால் பாஸை வாங்கி வைக்கலாமே! முதல் காலாண்டில் எகிறிய பொருளாதாரம் அடுத்த காலாண்டில், ஆண்டு விகிதக் கணக்கில், சுமார் 7 சதவீதம் சுருங்கியது. அதே ஜப்பானில் 1997-ல் வரி ஏறிய சமயத்துப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள், இருப்பு வைக்கக்கூடிய பொருட்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, மக்கள் உண்மையில் உண்பதும் உடுப்பதும் மிகக் கொஞ்சமே மாறியிருந்தன. அலமாரி நிரம்பியது, அவ்வளவுதான்.

இங்கேதான் பெரிய ஆட்களும் சறுக்குகிறார்கள். 1992 நவம்பரில் பில் கிளின்டன் ஜெயித்ததும் பணக்காரர்களுக்கு வருமான வரி ஏறப்போவது உறுதியாகிவிட்டது. பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் கையில் இருந்த பங்கு விருப்ப உரிமைகளை (நிறுவனப் பங்கை முன்பே குறித்த விலையில் வாங்கும் உரிமை) அந்த ஆண்டு முடிவதற்குள் காசாக்கிக்கொண்டார்கள். 1993-ல் அவர்கள் வருமானம் குறைந்து தெரிந்தது. ‘பார்த்தீர்களா, வரியை ஏற்றினால் உழைக்கிறவன் உழைப்பை நிறுத்திவிடுவான்’ என்று வாதிட இது வாகான சான்று. ஆஸ்டன் கூல்ஸ்பி என்ற பொருளாதார அறிஞர் தேதி மாற்றத்தைத் தனியே பிரித்துப் பார்த்தார். குறுகிய காலத்தில் மிகப் பெரிதாகத் தெரிந்த எதிர்வினை, சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. யாரும் உழைப்பைக் குறைக்கவில்லை, காசோலைத் தேதியை முன்னால் இழுத்திருந்தார்கள்.

பிரிட்டனிலும் இதே கூத்து நடந்தது. 1,50,000 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 2010 ஏப்ரல் முதல் 50 சதவீத வரி என்று ஒரு வருடம் முன்பே அறிவித்தார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் 1,600 முதல் 1,800 கோடி பவுண்டு வருமானம் முன்னுக்கு இழுக்கப்பட்டது என்று அந்நாட்டு வரித்துறையே பிறகு மதிப்பிட்டது. வரி ஏற்றத்துக்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் மட்டும் ஒப்பிட்டு யாராவது முடிவு சொன்னால் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

அதற்காக எல்லாமே வெறும் தேதி விளையாட்டு என்றும் சொல்லிவிட முடியாது. 2008 செப்டம்பர் முதல் 2009 டிசம்பர் வரை பிரிட்டன் 1,75,000 பவுண்டு வரையிலான வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையை ரத்து செய்தது. விற்பனை சுமார் 20 சதவீதம் கூடியது. சலுகை முடிந்ததும் சரிந்தது அதில் பாதிக்கும் குறைவு. சலுகை இல்லாவிட்டால் வீடு மாறியே இருக்காத பலர் நிஜமாகவே மாறியிருக்கிறார்கள். பரிவர்த்தனை வரி ஆட்களை இருந்த இடத்தில் கட்டிப்போடும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். மும்பைக்கும் இப்படி ஒரு ஆய்வு வந்தால் படிக்க ஆசை.

பிறப்பும் இறப்பும்கூட இந்தத் தேதிக் கணக்கில் அகப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2004 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தைக்கு 3,000 டாலர் என்று அறிவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஜூனிலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போயின என்று கணக்கிட்டார்கள் ஜோஷுவா கான்ஸும் ஆண்ட்ரூ லேயும். அதே இருவர், அங்கே 1979 ஜூலை 1 அன்று வாரிசுச் சொத்து வரி ஒழிந்தபோது சுமார் 50 மரணங்கள் ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரத்துக்கு நகர்ந்ததையும் காட்டினார்கள். நோயாளி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாரா, குடும்பம் சான்றிதழில் தேதியைத் தள்ளிப் போட்டதா என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. என் சந்தேகம் குடும்பத்தின் மேல்தான்.

இரண்டாவது படியான காகிதத்தைப் பற்றி மும்பைத் தமிழர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டுக் குடும்பத்தின் பெயரில் தனி பான் எடுப்பது, கடையின் விற்றுமுதல் ஜிஎஸ்டி வரம்பான 40 லட்சத்தை நெருங்கும்போது தம்பி பெயரில் இன்னொரு கடை போடுவது எல்லாம் இந்த வகை. மனைவிக்குப் பரிசாகக் கொடுத்த பணத்தில் வரும் வட்டி கணவன் கணக்கிலேயே சேரும் என்பதால் அந்த வழி மட்டும் அடைபட்டிருக்கிறது.

மூன்றாவது படிக்கு மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2004-ல் 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரியை 8.97 சதவீதமாக்கியது. பணக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அப்படிப் போனவர்கள் மிகச் சொற்பம். வியப்பில்லை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் கோவில், பள்ளி, மளிகைக் கடை, டாக்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரிக்காக ஊர் மாறுமா? மாறக்கூடியவர்களும் உண்டு. ஐரோப்பியக் கால்பந்து வீரர்கள் வரி குறைந்த நாட்டுக் கிளப்புகளை நாடியது ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. இளம் வயது, சில வருட ஒப்பந்தம், எங்கு போனாலும் அதே பந்து.

சரி, வரி ஏறுவதே கண்ணில் படாவிட்டால்? டெல்லியில் பிறந்த ராஜ் செட்டியும் இரு சகாக்களும் கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் சோதித்தார்கள். அங்கே அட்டையில் விலை மட்டும் இருக்கும், வரி பில்லில்தான் சேரும். சில பொருட்களுக்கு வரியோடு சேர்த்த விலையையும் அட்டையில் ஒட்டியதும் அவற்றின் விற்பனை சுமார் 8 சதவீதம் குறைந்தது. வரி மாறவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் வித்தியாசம். நம் ஊரில் எம்ஆர்பி எல்லா வரியையும் விழுங்கிக்கொண்டு ஒரே எண்ணாக நிற்கிறது. பிஸ்கட் வாங்கும்போது வராத வரிக் கோபம் ஸ்டாம்ப் டியூட்டி சலானைப் பார்த்ததும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் அரசுக்குத் தெரியாதா? பட்ஜெட்டைச் சுற்றி உள்ள ரகசியம் எல்லாம் இதற்காகத்தான். 1947 நவம்பரில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹ்யூ டால்டன், பட்ஜெட் வாசிக்கப் போகும் வழியில் ஒரு பத்திரிகையாளரிடம் வரி விவரத்தைச் சொல்லிவிட்டார். பதவி போனது. அடுத்த இரண்டே வாரத்தில், நவம்பர் 26 அன்று, கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார். அப்போதே நம்மிடம் 1931-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. சுங்கம், கலால் வரி உயர்வுகள் நாடாளுமன்றம் நிறைவேற்றும்வரை காத்திருக்காமல் அறிவித்த நள்ளிரவே அமலுக்கு வர அது வழி செய்தது. 2023-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்துவிட்டது.

பங்கு லாப வரியில் இன்னொரு தந்திரம் கையாண்டார்கள். 2018 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், ஏப்ரல் முதல் நீண்டகால லாபத்துக்கு 10 சதவீத வரி என்றார்கள். இரண்டு மாத இடைவெளியில் எல்லோரும் விற்றுத் தள்ளாமல் இருக்க, ஜனவரி 31 வரை சேர்ந்த லாபத்துக்கு வரி இல்லை என்று விலக்கினார்கள். அவசரப்பட்டு விற்கக் காரணம் இல்லாமல் போனது. 2024 ஜூலை 23-ல் அந்த விகிதம் 12.5 ஆனபோது அன்றைய தேதியிலிருந்தே அமல், இடைவெளியே கிடையாது. 2023-ல்தான் கதவு திறந்து கிடந்தது. கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளின் வரிச் சலுகை ஏப்ரல் 1 முதலான முதலீட்டுக்கு இல்லை என்பது மார்ச் 24 அன்று வெளியானது, அந்தக் கடைசி வாரம் முழுக்கப் பணம் கொட்டியது.

வரி குறையப்போகிறது என்றால் இதே கணக்கு தலைகீழாக ஓடும். 2025 ஆகஸ்ட் 15 அன்று, தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் செங்கோட்டையில் அறிவித்தார். சில நாட்களில் விநாயகர் சதுர்த்தி, மும்பையில் கார் டெலிவரி எடுக்க நல்ல நாள். ஆனால் வாங்க வந்தவர்களில் பலர் விலை கேட்டுவிட்டு, குறையட்டும் என்று திரும்பிப் போனார்கள். டீலர்களோ பழைய வரி கட்டி எடுத்த வண்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் தீபாவளிவரை இழுக்காமல் செப்டம்பர் 22 என்று தேதி குறித்தது. சின்ன கார்கள் 18 சதவீதத்துக்கு இறங்கின. அன்றைக்கு நவராத்திரி முதல் நாள். ஐந்து வாரமாகத் தள்ளிப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஷோரூமுக்கு வந்தார்கள்.