பேப்பருக்குப் பசை யாரு போட்டா?

போன வாரம் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு அண்ணாச்சி கேட்டாக, "தாரை வெட்டுனப்புறம் வாழைமட்டை பூரா வயல்ல கெடந்து அழுகுது, இதுலயும் பேப்பர் பண்ணலாம்ங்காங்களே, நாரை ஒட்ட என்ன பசை ஊத்துவாங்க?"ன்னு.

பசையே கிடையாது.

நாருன்னா செல்லுலோஸ், பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலி. அதை லிக்னின்னு ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கும். மரத்துல அது நூத்துக்கு 25, 30 வரைக்கும் இருக்கும், வாழைநார்ல ரொம்பக் கம்மி, அதனால சீக்கிரம் வெந்துரும். நறுக்குன நாரைக் காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணியில 2, 3 மணி நேரம் வேகவச்சா லிக்னின் துண்டு துண்டா அறுந்து கரைஞ்சு தண்ணி கறுத்துப்போகும், நார் தனித்தனியா பிரிஞ்சிரும். (அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிச்சு ஹைட்ரஜன் கிளம்பும்.) அப்புறம் நல்லா அலசி, இடிச்சு, நெறைய தண்ணியில கலக்கி, வலைச் சட்டத்துல அள்ளிக் காயவைக்கணும்.

இந்தக் காயுத நேரம் இருக்கே, அங்கதான் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம் அடங்கல. ஆத்துல முங்கி எந்திரிச்சா தலைமுடி கத்தை கத்தையா ஒட்டிக்கும்லா, ரெண்டு முடிக்கு நடுவுல இருக்க தண்ணியோட பரப்பு இழுவிசைதான் அதைச் சேத்து இழுக்குது. ஈர நாருக்குள்ளயும் அதேதான், தண்ணி வத்த வத்த நடுவுல இருக்க படலம் மெலிஞ்சுக்கிட்டே வரும், மெலிய மெலிய இழுப்பு கூடும், கடைசியில ரெண்டு நாரும் அவ்வளவு நெருக்கமா வந்துரும், இந்த நாரோட ஓஹெச்சும் (செல்லுலோஸ் சங்கிலியில ஒட்டியிருக்க ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) அந்த நாரோட ஓஹெச்சும் ஹைட்ரஜன் பிணைப்புங்குத இழுப்புல பிடிச்சிக்கும். முடி காஞ்சா பிரிஞ்சிரும், நார் பிரியாது. ஒரு பிணைப்புக்கு வலு ரொம்பக் கம்மி, ஆனா அது கோடி கோடியா இருக்கு. நாரை இடிக்கதும் இதுக்குத்தான், மேல்தோல் பிஞ்சு சிலும்பி நின்னாத்தான் தொடுத இடம் கூடும். ஒட்டவைக்கது வெறும் தண்ணி, ஒட்டிவச்சிட்டு அதுவே ஆவியாப் போயிருது!

நம்பிக்கை வரலைன்னா பஜ்ஜி கட்டுன பேப்பரைப் பாருங்க. எண்ணெய் எவ்வளவு ஊறுனாலும் லேசுல கிழியாது, எண்ணெய்க்கு அந்தப் பிணைப்பைப் பிரிக்கத் தெரியாது. அதே பேப்பரைத் தண்ணியில நனைச்சா கையோட வந்துரும், தண்ணி நடுவுல புகுந்து ஒவ்வொரு ஓஹெச்சையும் தன் பக்கம் இழுத்துக்கும்.

கரூர் பக்கம் புகளூர்ல டிஎன்பிஎல்ங்குத அரசு காகித ஆலை கரும்புச்சக்கையில பேப்பர் பண்ணுததும் இதே கணக்குதான். ஆனா பெரிய ஆலையில அந்தக் கறுப்புத் தண்ணியைச் சுண்டவச்சு பாய்லர்ல எரிச்சு, சோடாவைத் திருப்பி எடுத்துருவாங்க. சின்ன யூனிட்டுக்கு அது கட்டுபடியாகாது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குதவங்க, சின்ன யூனிட்டுக்கும் கட்டுபடியாகுத மாதிரி சோடாவைத் திருப்பி எடுக்க ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் மொதல்ல ஒதுக்கணும்னு நான் நினைக்கேன். அது வராம தாமிரபரணிக் கரையில யூனிட் போட்டா கறுப்புத் தண்ணி ஆத்துலதான் போய் விழும், போட வேண்டாம்னுதான் அண்ணாச்சிகிட்டயும் சொல்லிட்டு வந்தேன்.