கன்றைப் பிடுங்கியவர்களைத் திட்டுவதற்கு முன்னால்

போன வாரமும் ஒரு போன். வேளச்சேரிப் பக்கம் ஒரு தெருவில் நட்ட மரக்கன்றுகளில் பாதியை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம். "ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்லை சார், நீங்க வந்து ஒரு தடவை பேசுங்க" என்றார் மரம் நட ஏற்பாடு செய்தவர். மரப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இந்த வசனம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குழி தோண்டும் முன் அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டீர்களா என்றேன். "நல்ல காரியம்தானே, இதுக்கு எதுக்கு சார் கேக்கணும்?"

அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது.

விழிப்புணர்வு இல்லை என்பது சுத்த அபத்தம். மே மாதச் சென்னையில் பைக்கை நிறுத்த நிழல் தேடாதவர் யார்? மரம் வேண்டாம் என்று சொல்பவர் பெரும்பாலும் மரத்தோடு வாழ்ந்து அவதிப்பட்டவர். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது வாசல் மரம் கார் மேல் விழுந்ததைப் பார்த்திருப்பார், வேர் போய் சாக்கடைக் குழாயை அடைத்ததற்குக் கைக்காசு போட்டிருப்பார், கம்பியில் உரசும் கிளையை வெட்டச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக நடந்திருப்பார், கடைசியில் ஆள் வந்து வெட்டியபோது கிளைக் குவியல் பத்து நாள் கேட்டை மறித்துக் கிடந்திருக்கும். (ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டிவிட்டுப் போவார்கள், மரம் மறுபக்கம் கனம் தாங்காமல் சாயும். அது தனிக் கதை.) இவரிடம் போய் மரம் ஆக்சிஜன் தரும் என்று வகுப்பு எடுத்தால் என்ன செய்வார்?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2011 முதல் 2014 வரை வீட்டு முன்னால் இலவசமாக மரம் நட்டுத் தருகிறோம் என்றபோது 7,425 பேரில் சுமார் 1,800 பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பேசிப் பார்த்தால் அவர்களுக்கும் மரத்தின் பயன் நன்றாகவே தெரிந்திருந்தது. என்ன மரம், எங்கே என்று யாரும் தங்களைக் கேட்கவில்லை, பிற்பாடு பராமரிப்பும் தங்கள் தலையில்தான் விழும் என்பதுதான் மனத்தாங்கல்.

அப்புறம் தேதி. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், போட்டோ எடுத்தாக வேண்டும், சரி. ஆனால் சென்னைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அதுவரை அந்தக் கன்றுக்குக் குடம் குடமாக யார் தண்ணீர் ஊற்றுவது? தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்க வேண்டாமா?

இனி நட வருபவர்களுக்கு. முதலில் கதவைத் தட்டுங்கள். குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால் வீட்டுக்காரருக்கும் போன் போடுங்கள், தலையாட்டும் அதிகாரம் குடியிருப்பவருக்கில்லை. வாசலில் முருங்கை வேண்டாம், புளி வேண்டாம் என்று பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள், புங்கையோ மகிழமோ சம்மதமா என்று கேளுங்கள், வேறு மரமா இல்லை? மின்கம்பிக்கு அடியில் பெரிதாகப் படரும் தூங்குமூஞ்சி மரத்தை நடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நடைபாதையில் இஸ்திரி வண்டிக்காரர், இளநீர்க்காரர் இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். நான் பார்த்தவரை அவர் பக்கத்தில் இருக்கும் கன்றுதான் பிழைக்கிறது, நிழல் அவருக்குத்தானே பிழைப்பு. ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கன்றைச் சுற்றி வைக்கும் கூண்டில் ஸ்பான்சர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு நம்பரும் எழுதுங்கள், அந்த நம்பரை எடுங்கள். மூன்று வருஷத்துக்குத் தண்ணீரும் கவாத்தும் (கிளை வெட்டிச் சீர்செய்வது) யார் பொறுப்பு என்று தெருக்காரர்கள் முன்னால் பேசி முடிவு செய்யுங்கள். தூரைச் சுற்றி சிமெண்ட் பூசவும் விடாதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு காங்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவு போட்டது, இங்கே இன்னும் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வேளச்சேரி நண்பருக்கும் இதையேதான் சொன்னேன். நடாமல் மிச்சமிருக்கும் கன்றுகளை இப்போதைக்கு ஒரு நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருங்கள், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குங்கள். நான் வருகிறேன், பேசுவதற்கு இல்லை, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள.