ஃபிக்ஸட் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் கட்டணுமா?

திருநகரில் வீடு கட்டியிருக்கும் என் சித்தப்பா மகன் போன வருஷம் ஒரு நாள் எரிச்சலோடு வந்தான். 2022-ல் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் ஒன்பதரை சதவீத ஃபிக்ஸட், அதாவது மாறாத வட்டிக்குக் கடன் வாங்கியவன். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி), ஜூனிலேயே 5.50-க்கு வந்துவிட்டது, டிசம்பரில் 5.25. ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டியில் இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வட்டி குறைந்தது, இவனுக்கு ஒரு பைசா அசையவில்லை. மேலூர் பக்கம் இருந்த அப்பாவின் மனை விற்ற பணம் கையில் இருக்கவே, கடனை முடித்துவிடலாம் என்று கிளைக்குப் போனால், "ரெண்டு பெர்சன்ட் சார்ஜ், அதுக்கு மேல ஜிஎஸ்டி" என்றார்களாம்.

ஃபிக்ஸட் என்றாலே அபராதம் உண்டு என்று கவுன்ட்டரில் இருப்பவர்களே நம்புகிறார்கள். அப்படி இல்லை. யார் கொடுத்த கடன், யார் பணத்தில் முடிக்கிறோம், முடிக்கிற அன்றைக்கு அது என்ன வட்டியில் இருக்கிறது: இந்த மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஃப்ளோட்டிங் கதை சுலபம். தனிநபர் வாங்கிய ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பணம் எங்கிருந்து வந்தாலும் கேள்வி கிடையாது.

ஃபிக்ஸடில்தான் சிக்கல். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2021 விதிகளில், ஃபிக்ஸட் வட்டி வீட்டுக்கடனைக் கடன்தாரர் தன் சொந்தப் பணத்தில் முடித்தால் கட்டணம் கூடாது என்றே இருக்கிறது. சொந்தப் பணம் எது? வங்கி, வீட்டுக்கடன் நிறுவனம், மற்ற நிதி நிறுவனங்களிடம் கடனாக வாங்காத எந்தப் பணமும். மனை விற்ற பணம், பிஎஃப் பணம் எல்லாம் சேரும். மச்சானிடம் வாங்கிய கைமாத்துகூட இந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் நகையை வங்கியில் அடகு வைத்து வாங்கிய பணம் சேராது, அது கடன். நம் ஊரில் பலரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

என் தம்பியின் பணம் மனை விற்றது. கடன் கொடுத்தது வங்கி அல்ல, வீட்டுக்கடன் நிறுவனம். விற்ற பத்திரத்தின் நகலை இணைத்து, எந்த விதியின்படி கட்டணம் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டான். அடுத்து வந்த கணக்கில் அந்த வரியைக் காணோம்.

அதே ஃபிக்ஸட் கடனை வங்கியில் வாங்கியிருந்தால் இந்தத் தடை கிடையாது. அந்த வங்கி தன் கொள்கைப்படி கட்டணம் வாங்கலாம். 2026 ஜனவரி 1 முதல் வழங்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி தனி விதிகள் கொண்டு வந்திருக்கிறது. அதிலும் ஃபிக்ஸடுக்குக் கட்டணத்தை அடியோடு ஒழிக்கவில்லை. ஆனால் வாங்கினால் முன்கூட்டிக் கட்டும் தொகைக்கு மட்டும்தான் வாங்க வேண்டும், முதலில் வாங்கிய மொத்தக் கடனுக்கு அல்ல. சாங்ஷன் லெட்டரிலும் ஒப்பந்தத்திலும் முக்கிய விவர அறிக்கையிலும் சொல்லாத கட்டணத்தைக் கேட்கவே கூடாது.

இன்னொன்று: ஃபிக்ஸட் என்று விற்கும் கடன்கள் பலவும் முதல் 2, 3 அல்லது 5 வருஷத்துக்கு மட்டும் ஃபிக்ஸட், அப்புறம் தானாக ஃப்ளோட்டிங். இப்படிக் கலந்த கடனில், முடிக்கும் நாளில் எந்த வட்டி ஓடுகிறதோ அதற்கான விதிதான் பொருந்தும். ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். இன்னும் நாலு மாசத்தில் மாறப் போகிறதென்றால் அவசரப்பட்டு இரண்டு சதவீதம் கொடுப்பது வீண்.

வேறு வங்கிக்கு மாற்றுவதென்றால் அது கடன் வாங்கிக் கடன் அடைப்பது, சொந்தப் பணம் ஆகாது. அப்போது கணக்குப் போட வேண்டும். பாக்கி 20 லட்சம், இன்னும் 15 வருஷம், ஒன்பதரையிலிருந்து எட்டு சதவீதத்துக்கு என்று வையுங்கள். தவணை ஏறக்குறைய 20,884-லிருந்து 19,113-க்கு இறங்கும். மாதம் 1,771 ரூபாய் மிச்சம். இரண்டு சதவீதக் கட்டணம் 40,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7,200. புது வங்கியின் பிராசஸிங், வக்கீல் ஒப்பீனியன், மறுபடி எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு எல்லாம் சேர்ந்து ஒரு 20,000 ஆனால் மொத்தம் 67,200. போட்டதை எடுக்கவே 38 மாசம் ஆகும். பதினைந்து வருஷக் கடனுக்குச் சரி. மூன்று நாலு வருஷம்தான் பாக்கி என்றால் என் கருத்தில் மாற்ற வேண்டாம். வட்டியில் பெரும்பகுதியை ஏற்கெனவே கட்டி முடித்திருப்பீர்கள்.

தகராறு வந்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ, வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேன். விவரம் கேட்க 14448. வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் ஆம்புட்ஸ்மேனிடம் போகாதீர்கள், தேசிய வீட்டுவசதி வங்கியின் 'கிரிட்ஸ்' தளத்தில் பதிய வேண்டும்.

கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்கள் எல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு. இது 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீதும் அதே கெடுவுக்குள் பதிவாக வேண்டும். திருமங்கலமோ வாடிப்பட்டியோ, உங்கள் சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கே. அதன்பிறகு வில்லங்கம் போட்டு, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். என் தம்பி பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் இதை விட்டுவிட்டான்; மூன்று மாசம் கழித்து நான் போட்டுப் பார்த்தபோதும் கடன் அப்படியே நின்றது.