சுற்று இறுகினால் கையை எடுங்கள்

தாத்தா காலத்து ஸ்டுடியோ கேமராக்கள் பீரோவை விட்டு மறுபடியும் வெளியே வந்திருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் யாஷிகாமேட் என்னும் பழைய ஜப்பானியக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒகேனக்கல் போகிறார்கள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடுகல் தேடி அலைகிறார்கள். கேமரா பழுது பார்ப்பவனுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் என் மேஜைக்கு வரும் மீடியம் ஃபார்மட் கேமராக்கள், அதாவது 120 என்னும் அகலமான ரோல் பிலிம் போடும் கேமராக்கள், பெரும்பாலும் ஒரே புகாரோடு வருகின்றன: பிலிம் சுற்றவில்லை. அவற்றில் பலவற்றில் பழுது என்று எதுவுமே இருப்பதில்லை. இன்னும் சிலவற்றில், சுற்றாத கைப்பிடியை முறுக்கிச் சுற்றியதால் வந்த பழுதுதான் இருக்கிறது. இந்தப் பழுதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 35 மில்லிமீட்டர் பிலிமின் இரு ஓரங்களிலும் துளைகள் உண்டு. பல்சக்கரம் அந்தத் துளைகளைப் பிடித்து இழுக்கும், துளை எண்ணிக்கையை வைத்தே ஃப்ரேமை, அதாவது ஒரு படத்துக்கான இடத்தை, அளந்துவிடும். 1901-இல் கோடாக் அறிமுகப்படுத்திய 120 பிலிமில் துளையே கிடையாது. ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் நீளமுள்ள பிலிம், அதைவிட நீளமான ஒரு தாளில் ஒரு முனை மட்டும் ஒட்டப்பட்டு, அதோடு சேர்ந்து சுருண்டிருக்கும். நாம் சுற்றச் சுற்ற எதிர்ப்பக்கத்து ஸ்பூல் நூல்கண்டு போலப் பருத்துக்கொண்டே வரும். முதல் ஃப்ரேமுக்குத் தேவைப்பட்ட அளவு சுற்று பன்னிரண்டாவது ஃப்ரேமுக்குத் தேவைப்படாது. இதைச் சரிக்கட்டத்தான் பல கேமராக்களின் எண்ணிக்கைச் சக்கரத்தில் வெட்டுகள் சமமில்லாத இடைவெளியில் அமைந்திருக்கின்றன. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் என்று சொல்லப்படும் சதுரப் படத்தின் உண்மையான அகலம் 56 மில்லிமீட்டர். பன்னிரண்டு படத்துக்கு 67 சென்டிமீட்டர் போய்விடும். மிச்சமிருக்கும் 15 சென்டிமீட்டரில்தான் தொடக்கம், முடிவு, இடைவெளிகள் எல்லாம் அடங்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் தளர்ந்தாலும் கடைசிப் படம்வரை கணக்கு தவறிப்போகும்.

ஆகவே 'சுற்றவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். கைப்பிடி அசையவே இல்லையா, அசைந்தும் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறதா, நின்றும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

நிற்காமல் சுற்றுவதை எடுத்துக்கொள்வோம். யாஷிகாமேட்டில் தாளின் மீதுள்ள அம்புக்குறிக் கோட்டை, பிலிம் அறையின் ஓரத்தில் இருக்கும் குறிக்கு நேராகக் கொண்டுவந்த பிறகுதான் பின்கதவை மூட வேண்டும். ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமேட் வகைகளில் அந்த வேலையே இல்லை. அங்கே தாளை இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். பிலிம் ஒட்டியிருக்கும் இடம் கடக்கும்போது கூடும் தடிப்பை உருளைகள் உணர்ந்து எண்ணிக்கையைத் தொடங்கிவைக்கும். தாளை உருளைகளுக்கு மேலாகப் போட்டுவிட்டால் பிலிம் வந்ததே கேமராவுக்குத் தெரியாது, முழு ரோலும் நிற்காமல் ஓடி முடிந்துவிடும். இதைப் பழுதென்று நினைத்துப் பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்பியவர்கள் உண்டு. யாஷிகாமேட் 124ஜி வைத்திருப்பவர்கள் பிலிமை உள்ளே தட்டையாக அழுத்திப் பிடிக்கும் அழுத்தத் தட்டையும் பார்க்க வேண்டும். அது 12, 24 என இரண்டு நிலைகளில் நகரும். 24 என்பது இருபத்துநான்கு படம் எடுக்கும் 220 பிலிமுக்கானது. 120 பிலிம் போட்டுவிட்டுத் தட்டை அந்த நிலையிலேயே விட்டால் பன்னிரண்டோடு கணக்கு முடியாது.

கைப்பிடி அசையாத சிக்கல்தான் ஆபத்தானது, ஏனெனில் அங்கேதான் நம் கை பலத்தைக் காட்டும். ஒரு படத்துக்கான சுற்று முடிந்துவிட்டால், ஷட்டரை அழுத்தும்வரை கைப்பிடி பூட்டிக்கொள்வது இயல்பு. பூட்டை உடைப்பது போல அதை முறுக்கக் கூடாது. ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள பூட்டு திறந்திருக்கிறதா, கைப்பிடியை முன்னோக்கிச் சுற்றி நின்றபின் பின்னோக்கித் திருப்பி அதன் இடத்தில் நிறுத்தினீர்களா என்று பாருங்கள். மாமியா ஆர்பி67-இல் ஷட்டரை ஏற்றும் லீவர் வேறு, பிலிமை நகர்த்தும் லீவர் வேறு. அதற்குப் பழகாதவர்கள் ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு மற்றதன் மீது குறை சொல்கிறார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கேமராவைச் சொல்ல வேண்டும். "ஆறாவது படத்தில் இறுகியது அண்ணா, கொஞ்சம் அழுத்திச் சுற்றினேன், டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் லேசாகச் சுற்றுகிறது" என்றார். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். காய்ந்து பழுப்பேறிய கிரீஸுக்குள் பித்தளைத் துணுக்குகள் மின்னின. கைப்பிடியோடு இணைந்த பல்சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பற்கள் மழுங்கிப்போயிருந்தன. இருட்டில் பிலிமை எடுத்துப் பார்த்தபோதுதான் மூலகாரணம் தெரிந்தது. தாளின் நுனி ஸ்பூலின் பிளவில் கோணலாக நுழைந்திருந்தது. சுற்றச் சுற்றத் தாள் ஒரு பக்கமாக ஏறி, அதன் விளிம்பு ஸ்பூலின் வட்டத்தட்டில் மடிந்து சிக்கியிருக்கிறது. இறுகிய நொடியில் கையை எடுத்திருந்தால் ஒரு ரோல் பிலிமோடு நட்டம் முடிந்திருக்கும். அந்தப் பல்சக்கரம் புதிதாக எங்கும் தயாராவதில்லை. இன்னொரு கேமராவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கோடையில் பீரோ மேலே கிடந்த கேமராவின் கிரீஸ் பசையாகிவிடும். கல்குவாரிகளின் பக்கம் என்றால் தூசியும் சேரும். அப்போது சுற்று கனமாகத்தான் இருக்கும். அதற்காகத் தையல் மிஷின் எண்ணெயை இடுக்கில் விடாதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். எண்ணெய் விட்ட இடத்தில் நிற்காது. மெல்ல ஊர்ந்து லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் இதழ்களில் படியும், இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். பழைய கிரீஸைக் கரைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாக மிகக் கொஞ்சம் வைப்பதுதான் சரியான வைத்தியம்.

படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தளர்வைத்தான். புது ரோலின் ஸ்பூலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடியே தாளை இழுத்து ஏற்றுங்கள். பென்டகான் சிக்ஸ் வைத்திருப்பவர்கள் லீவரைச் சுற்றியதும் தானாகத் துள்ளித் திரும்பவிடாமல் கையோடு கொண்டுவந்து விட வேண்டும். இந்தியாவிலேயே தயாரான ஆக்பா கிளிக் 3 போன்ற, தாளிலுள்ள எண்ணைப் பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னல் வழியாகக் காட்டும் கேமராவில் எண்ணை நீங்களேதான் பார்த்து நிறுத்த வேண்டும். இப்போதைய சில பிலிம்களின் தாளில் எண்கள் மங்கலாக அச்சாகியிருப்பதால் நிழலில் நின்று பொறுமையாகப் பாருங்கள்.

பழைய கேமரா வாங்குவோருக்கும் வீட்டில் கண்டெடுத்தோருக்கும் நான் சொல்வது, ஒரு காலாவதியான ரோலைப் பலிகொடுங்கள் என்பதுதான். பின்கதவு திறந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பல மாடல்களில் கதவு மூடும்போது அழுந்தும் சிறு ஊசி ஒன்று அதற்குக் காரணம். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்தபடியே சுற்றுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் படம் விழும் சட்டத்தின் இரு ஓரங்களையும் பேனாவால் தாளில் குறியுங்கள். பிறகு தாளை விரித்து அளந்தால் இடைவெளி எங்கே சுருங்குகிறது, எங்கே நீள்கிறது என்று தெரிந்துவிடும். எந்த மெக்கானிக்கிடமும் இந்தத் தாளைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

படம் எடுத்த ரோலோடு சுற்று இறுகிவிட்டால் வெளிச்சத்தில் கதவைத் திறக்காதீர்கள். ராத்திரியில் ஜன்னலில்லாத அறையிலோ இருட்டுப்பையிலோ வைத்துத் திறந்து, பிலிமைக் கையால் இறுக்கமாகச் சுருட்டி, கறுப்புக் காகிதத்தில் பொதிந்துவிடலாம். பழக்கமில்லையென்றால் அப்படியே கொண்டுவாருங்கள். எத்தனையாவது படத்தில் நின்றது, சத்தம் வந்ததா, அதற்குப் பிறகு கைப்பிடியைத் தொட்டீர்களா என்று ஒரு சீட்டில் எழுதிக் கேமராவின் வாரில் கட்டிவிடுங்கள்.