குகை டைவருக்கு மயக்க மருந்து தெரிந்திருந்தால்

டெக்னிக்கல் டைவிங்கில் பழகியது அவசர சிகிச்சையில் உதவுமா? உதவும். சாதாரண ஸ்கூபாவில், அதாவது காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் இறங்குவதில், ஏதாவது கோளாறு என்றால் மெதுவாக மேலே வந்துவிடலாம். டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி கிடையாது. தலைக்கு மேல் குகைப் பாறை இருக்கும், இல்லையென்றால் உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக வழியில் பல ஆழங்களில் காத்துக் காத்துத்தான் ஏற முடியும். பிரச்சினை எங்கே வந்ததோ அங்கேயே தீர்த்தாக வேண்டும். அவசர சிகிச்சையிலும் அப்படித்தான்.

அதற்காக, பதறாத மனசு மட்டும்தான் டைவிங்கிலிருந்து சிகிச்சைக்கு உதவுகிறது என்று சொல்லிவிட முடியாது. கருவியே கிட்டத்தட்ட ஒன்றுதான். டைவர்கள் பயன்படுத்தும் ரீபிரீதர், விட்ட மூச்சை சோடா லைம் என்ற வேதிப்பொருள் வழியாக அனுப்பி, கார்பன் டை ஆக்ஸைடை நீக்கி, ஆக்ஸிஜன் சேர்த்துத் திரும்பத் தருகிறது. அறுவை அரங்கில் இருக்கும் மயக்க மருந்து இயந்திரத்திலும் இதே சோடா லைம், இதே சுற்று. சோடா லைம் தீர்ந்துபோனால் அரங்கில் மானிட்டர் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீருக்குள் பெரும்பாலும் மூச்சிரைப்பு, தலைவலி, புத்தித் தடுமாற்றம் இவைதான் அறிகுறி, தடுமாறும் அதே புத்தியை வைத்துத்தான் காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்! இறங்கும் முன்பே பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது இதனால்தான்.

2018 ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் டைவிங், மயக்கவியல் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. ரிச்சர்ட் ஹாரிஸ், அடிலெய்டைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர், தேர்ந்த குகை டைவர். உள்ளே சிக்கியவர்கள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும். குறுகலான, கலங்கிய நீரில் ஒரு பையன் பயந்து திமிறினால் அவனோடு கூட்டி வருபவரின் உயிரும் போய்விடலாம், எனவே மயக்கித்தான் கொண்டுவர வேண்டும். பல மயக்க மருந்துகள் மூச்சை அடக்கும். கெட்டமைன் அவ்வளவாக அடக்காது, ரத்த அழுத்தத்தையும் இறக்காது. ஆனால் எச்சில் ஊறும், முகமூடிக்குள் அது மூச்சை அடைக்கலாம், அதனால் கூடவே எச்சிலைக் குறைக்கும் அட்ரோபின். பதற்றம் தணிய முதலில் அல்பிரசோலாம் மாத்திரை. மருந்து வழியிலேயே தெளிந்துவிடும் என்பதால், மருத்துவம் படிக்காத டைவர்களுக்கு, பையன்களின் காலில் எப்படி மறுபடி ஊசி போடுவது என்று சொல்லிக்கொடுத்தார்.

மயக்கிய நோயாளியை விட்டு மருத்துவர் நகரவே கூடாது என்பது அரங்கின் விதி. இங்கே மயக்கி, முகமூடி மாட்டி, தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு அடுத்த பையனைப் பார்க்க வேண்டியிருந்தது, போனவன் பிழைத்தானா என்று அப்போது தெரியவும் வழியில்லை. பிழைக்கமாட்டார்கள் என்றே தான் நினைத்ததாக ஹாரிஸ் பிறகு சொன்னார். 13 பேரும் உயிரோடு வந்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பொருந்தாது. குகை டைவர்களிடையே யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணமே சொல்லாமல் டைவை நிறுத்தலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவில் அந்தச் சலுகை யாருக்கும் இல்லை.